அது மிளகும் அல்ல, அது மட்டும் போதவும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழில் கரடி நடமாட்டம் பற்றிய செய்தியை, “தோட்டத்துக்குச் செல்வோர் ஒரு மிளகு ஸ்பிரே வைத்திருந்தால் போதும்” என்று முடித்திருந்தீர்கள். அந்தப் ‘போதும்’ இரண்டு நாளாக என்னைத் தூங்க விடவில்லை.

சென்ற ஆண்டு பலா பழுத்த நேரத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே கரடி எழுந்து நின்றது. கேரள எல்லைக்கு அப்பால் ஒரு கடையில் 400 ரூபாய் கொடுத்து வாங்கிய டப்பாவை அழுத்தினேன். நான்கு முழம்கூடப் பாயவில்லை. காற்று அதை என் கண்ணிலேயே கொண்டுவந்து அப்பியது. கரடி தானாக விலகிப் போனது.

டப்பாவில் ‘20 லட்சம் ஸ்கோவில்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். 1912இல் நாக்கால் சுவைத்துக் காரம் அளக்க வகுத்த கணக்கு அது. கரைப்பதற்கு முன் மிளகாய்ச் சாற்றில் இருந்த காரத்தைத்தான் பெரும்பாலும் அந்த எண் குறிக்கும். உள்ளே அந்தக் காரச்சத்து எத்தனை சதவீதம், எத்தனை அடி பாயும் என்பதற்கு ஒரு வரி இல்லை. மிளகும் மிளகாயும் வேறு என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கனடாவில் இருக்கும் என் தங்கை மகன் அங்கு விற்கும் கரடி ஸ்பிரேயைப் படமெடுத்து அனுப்பினான். விமானத்தில் அதைக் கொண்டுவர முடியாது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கேப்சைசின் என்னும் காரச்சத்தின் சதவீதம், அரசின் பதிவு எண், எல்லாம் இருக்கின்றன. அங்கே அது பூச்சிக்கொல்லிகளைப் போலப் பதிவு செய்யப்படும் பொருள்; மனிதர் மீது அடிக்கவென்று விற்பதோ தடை செய்யப்பட்ட ஆயுதம். அமெரிக்காவிலும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் பதிவு வேண்டும்; காரச்சத்து 1 முதல் 2 சதவீதம். பிரிட்டனில் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி பொதுமக்கள் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம்.

நான் தேயிலைக்கு அடிக்கும் மருந்து பாட்டிலிலும் சதவீதம் உண்டு, நச்சின் வீரியத்துக்கு ஏற்ற நிறத்தில் முக்கோணம் உண்டு. செடிக்கு இருக்கிற அக்கறை கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கிடையாதா?

மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வீட்டு அக்காவின் முகத்தைக் கரடி கிழித்தபோதும் இரண்டே வரிகள்தான் வெளியிட்டீர்கள். அதிலும் எங்கள் ஊரைக் கேரளத்து வயநாட்டில் சேர்த்துவிட்டீர்கள். நிவாரணத்துக்கு அலைந்த இடத்தில் அந்தச் செய்தியைத்தான் எடுத்துக் காட்டினார்கள். அந்தத் திருத்தம் இன்றுவரை வரவில்லை.

இப்போது கேட்பது சின்ன உதவி. அடுத்த இதழில் ‘மிளகாய் ஸ்பிரே’ என்று திருத்திப் போடுங்கள். வாங்குவோர் சதவீதத்தையும் பாயும் தூரத்தையும் பார்த்து வாங்க வேண்டும் என்று கட்டம் கட்டி இரண்டு வரி வெளியிடுங்கள்.

வாசகர்,
எருமாடு, பந்தலூர் தாலுகா, நீலகிரி மாவட்டம், தமிழ்நாடு