பூட்டிக் கிடக்கும் வீடுகளின் சொந்தக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி, திருவாரூர் சுற்றுவட்டாரத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பெரியோர்களுக்கும் சகோதர சகோதரிகளுக்கும் வணக்கம்.

உங்கள் ஊரில் குடியிருக்க வீடு தேடுகிற குடும்பம் எங்களுடையது. உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பூட்டி வைத்திருக்கும் வீட்டைப் பிள்ளை குட்டியோடு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுங்கள். பிள்ளைகள் ஒரு பள்ளியில் சேர்ந்து நிலையாகப் படிக்கிற காலம் வரைக்குமாவது வாடகைக்கு விடுங்கள்.

நாங்கள் குன்னூர்க்காரர்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு மலை ஆசையாகத்தான் இருக்கும். அங்கேயே பிள்ளை வளர்ப்பது வேறு. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மூடுபனியுமாக நாள்கணக்கில் வெயிலே எட்டிப் பார்க்காது. துவைத்த துணி காயாது, சுவரெல்லாம் பூஞ்சை பிடிக்கும். என் சின்ன மகளுக்கு அந்த ஈரமும் பூஞ்சையும் ஒத்துக்கொள்ளாமல் வீசிங். மாமியாருக்கு மார்கழி வந்தால் முழங்கால் மடங்காது. இதற்கு மேல் வாடகை. நல்ல வீடுகள் ஒவ்வொன்றாகக் காட்டேஜ் ஆகிவிட்டன. சீசனில் சுற்றுலாக்காரர்கள் நாள் வாடகையாகக் கொடுக்கிற பணத்துக்கு மாதச் சம்பளக்காரர் எங்கே போவார்?

என் கணவர் மோட்டார் காயில் கட்டுபவர். போர்செட் ஓடுகிற ஊரில் அவர் கைக்கு வேலை உண்டு. நான் சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். கரண்டும் இன்டர்நெட்டும் இருந்தால் எனக்குப் போதும். கோயம்புத்தூரும் திருப்பூரும் பார்த்தோம், அட்வான்ஸைக் கேட்டுவிட்டுத் திரும்பினோம். அப்புறம்தான் இந்தப் பக்கம் வந்தோம். உங்களுக்குத் தெரியாததைச் சொல்லவில்லை, ஆனாலும் வெளியிலிருந்து வந்தவள் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். அரிசி, வாழை, கீரை, மீன் எல்லாம் கிட்டத்திலேயே விளைந்து, பிடிபட்டு, கையில் உள்ள காசுக்குக் கிடைக்கிறது. அவசரம் என்றால் தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. கும்பகோணத்து அரசு ஆடவர் கல்லூரி 1854இல் தொடங்கியது. 2009இல் திருவாரூருக்கு மத்தியப் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டமேற்படிப்பு வரைக்கும் ஒரு பிள்ளை வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே படிக்கக்கூடிய ஊர் இது.

வெயிலைச் சொல்லி எல்லோரும் பயமுறுத்தினார்கள். கத்திரி வெயிலில் காங்கிரீட் மாடி போர்ஷனில் இருந்தும் பார்த்துவிட்டோம். ராத்திரி பத்து மணிக்கும் சுவரைத் தொட முடியவில்லை. அதே நாட்களில் ஆடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பழைய வீடு ஒன்றைப் பார்க்கப் போனோம். நடுப்பகலில் வாசலை அடுத்த நடையான ரேழியைத் தாண்டிக் கூடத்துக்குள் கால் வைத்ததும் என் மாமியார், 'இங்கேயே கொஞ்ச நேரம் உட்காரலாமா?' என்று கேட்டார். முற்றத்து வழியாகச் சூடு மேலே போய்விடுகிறது. கொல்லை வாசலைத் திறந்ததும் காற்று நேராகத் திண்ணை வரைக்கும் ஓடியது. இந்த வெயிலுக்கு என்றே உங்கள் பாட்டன்மார் கட்டிய வீடு அது.

அந்த வீட்டின் நிலையையும் சொல்ல வேண்டும். பூட்டு மழையில் துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் பிளாஸ்டிக் பை சுற்றிக் கட்டியிருந்தது. நிலைக்காலில் அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கரையான் புற்று ஏறியிருந்தது. முற்றத்து ஓரம் நாட்டு ஓடு சரிந்து, அந்த இடத்தில் மரச்சட்டம் கறுத்துப்போயிருந்தது. மதில் சுவரில் அரசங்கன்று வேர் விட்டுச் செங்கல்லைப் பிளந்திருந்தது. சாவி வைத்திருக்கும் அம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் வாசல் தெளித்து, மாடத்தில் விளக்கேற்றிவிட்டுப் போகிறார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். இன்னும் நாலைந்து மழைக்காலம் இப்படியே போனால் அந்தக் கூடம் நிற்காது. ஆள் புழங்கினால் ஒழுகிய அன்றைக்கே தெரியும், மறுநாளே ஓடு மாற்றலாம். வீட்டுக்கு இதைவிட வேறு காவல் கிடையாது.

ஏன் விட மாட்டேன் என்கிறீர்கள் என்று விசாரித்தோம். பெரும்பாலும் ஒரே பதில்தான் வந்தது: 'குடி வைத்தால் காலி பண்ண மாட்டார்கள்.' இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் காலத்தில் தலைமுறைக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்த குடும்பங்கள் உங்களில் இருப்பீர்கள். ஆனால் அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017இல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. நகரங்களில் எந்த வாடகையும் எழுத்து ஒப்பந்தத்தோடுதான் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். எவ்வளவு வாடகை, எத்தனை காலம் என்பதையெல்லாம் இரண்டு பேரும் பேசி முடிவு செய்து எழுதிக்கொள்ளலாம். காலம் முடிந்தும் வெளியேறாவிட்டால் முறையிட இடம் இருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது.

வழக்கமாக எல்லோரும் 11 மாதத்துக்குத்தான் எழுதுகிறார்கள். ஒரு வருடத்தைத் தாண்டினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரமாகப் பதிய வேண்டும் என்பதே காரணம். பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு இந்த 11 மாதம் பெரிய தொல்லை. பள்ளி ஆண்டு பாதியில் வீடு மாற்ற வேண்டியிருக்கும். பதிவுச் செலவைப் பாதி நாங்கள் ஏற்கிறோம், முழுதாக ஏற்கவும் தயார். ஐந்து வருடத்துக்கு எழுதிக் கொடுங்கள். இடையில் உங்கள் வீட்டில் கல்யாணம், திருவிழா என்று வந்தால் தங்க ஒரு அறையைப் பூட்டி உங்கள் வசமே வைத்துக்கொள்ளுங்கள், அதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம்.

அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரியவில்லை, யார் கையெழுத்துப் போடுவது என்று நிற்கும் வீடுகளும் நிறைய. அது உங்கள் குடும்ப விஷயம், நான் நுழையக் கூடாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பிரச்சினை தீர்கிற வரைக்கும் எல்லோரும் சேர்ந்து ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்து, வாடகையைப் பொதுக் கணக்கில் போடலாம். பிரிக்கும்போது பிரிக்க வீடாவது மிஞ்சும்.

அடுத்ததை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட முடியாது. வீடு கேட்டுப் போன இடத்தில் வேலை என்ன, சம்பளம் என்ன என்று கேட்பதற்கு முன்னால், 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்கிறார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்து, நன்றாகப் பேசிவிட்டு இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்ததும், 'பையன் வர்றதா சொல்லியிருக்கான்' என்று முடித்துவிட்டார்கள். என் பெரிய மகள் கூடவே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் புரியாமல் இல்லை. கறி சமைக்கக் கூடாது என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், முடியுமா முடியாதா என்று நாங்கள் யோசித்துச் சொல்கிறோம். பிறப்பைக் கேட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். துபாயிலும் நியூஜெர்சியிலும் உங்கள் பிள்ளைகள் வாடகைக்கு வீடு தேடும்போது அவர்களிடம் இப்படி யாராவது கேட்டால் உங்கள் வயிறு எரியாதா?

வீடு கிடைக்காதவர்கள் கடைசியில் மனை வாங்கத்தான் ஓடுகிறார்கள். பைபாஸ் ஓரம் வண்டியில் போனால் பார்க்கலாம், நடவு நட்ட வயலுக்கு அடுத்த வயலில் கல் ஊன்றிக் கொடி கட்டியிருக்கும். 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் கொண்டுவந்து எண்ணெய், எரிவாயுத் திட்டங்கள் புதிதாக வராமல் தடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் நாமே கொஞ்சம் கொஞ்சமாக வயலை மனையாக்கிக்கொண்டு போகிறோம். அந்த மனையில் வீடு கட்டினவர்களுக்கும் நிம்மதியில்லை. ஐப்பசி அடைமழையில் முதலில் தண்ணீர் நிற்பது அங்கேதான், ஏனென்றால் அது தண்ணீர் நிற்பதற்கென்றே சமப்படுத்திய நிலம். உங்கள் பழைய தெருக்களோ பெரும்பாலும் குடியிருப்புக்கென்றே விட்ட நத்தத்து மேட்டில் இருக்கின்றன. கீழே வயல், மேலே குடியிருப்பு என்று பார்த்துப் பார்த்துப் போட்ட தெருவைப் பூட்டி வைத்துவிட்டு, புதிதாக வருகிறவனைப் பள்ளத்தில் வீடு கட்டவிடுவது என்ன நியாயம்?

புயல், கொசு, கோடைக் கரண்ட் கட் எல்லாம் தெரிந்துதான் வருகிறோம். 2018 கஜா புயலில் தென்னை முழுக்கச் சாய்ந்த தோப்புகளை வேதாரண்யம் பக்கம் போனபோது காட்டினார்கள். கடலோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு என்பதால் கொஞ்சம் உள்ளே தள்ளித் தேடுகிறோம். எங்களைப் போலத் தேடுகிறவர்களை டீக்கடையிலும் பள்ளி வாசலிலும் சந்திக்கிறோம். பெங்களூரிலிருந்து வந்த டிரைவர் ஒருவர், ஓசூரிலிருந்து வந்த நர்ஸம்மா ஒருவர். எல்லோருக்கும் பள்ளிக்கூடம் போகிற வயதில் பிள்ளைகள். நாலு வீட்டில் விளக்கெரிந்தால் உங்கள் தெருவின் ஊராட்சிப் பள்ளியிலும் நாலு பெயர் கூடும். காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதும் விரிவாக்கியதே 2023இல் உங்கள் திருக்குவளைப் பள்ளியிலிருந்துதான். சாப்பாடு போடப் பள்ளி இருக்கிறது, சாப்பிடப் பிள்ளைகள் வேண்டாமா?

பள்ளி ஜூனில் திறக்கும். அதற்குள் ஓடு மாற்றி, கரையானுக்கு மருந்து அடித்து, வயரிங் சரிபார்த்து, சுண்ணாம்பு அடிக்க ஏப்ரல், மே இரண்டு மாதம் வேண்டும். வயரிங்கும் கிணற்று மோட்டாரும் என் கணவரே பார்த்துக்கொள்வார். கூலியும் சாமானும் என்ன ஆனது என்று பில்லோடு அனுப்புகிறோம், வாடகையில் கழித்துக்கொள்ளலாம். கட்டடத்தின் அமைப்பை மாற்ற மாட்டோம், முற்றத்தை மூட மாட்டோம். எனவே பங்குனிக்குள் உங்கள் வீட்டில் கலந்து பேசி, சம்மதம் என்றால் சாவி வைத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். வீடு கேட்டு வருகிறவர்களிடம் அவர் உங்கள் போன் நம்பரைக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
குன்னூரிலிருந்து வந்து கும்பகோணத்தில் வீடு தேடும் ஒரு தாய்