வன்னியில மிஞ்சின கடதாசியளை ஸ்கான் பண்ணுங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

யாழ்ப்பாண நூலகத்தை 1981ல எரிச்சதும் 97,000 புத்தகம் போனதும் எல்லாருக்கும் தெரியும். ஆனா 2008, 2009ல கிளிநொச்சியில இருந்து முள்ளிவாய்க்கால் வரைக்கும் இடம்பெயரேக்க எங்கட சனம் றோட்டிலயும் பங்கருக்குள்ளயும் விட்டிட்டு வந்த காணி உறுதி, காணிப் பெர்மிட், கோயில் கணக்குக் கொப்பி, பள்ளிக்கூட இடாப்பு, கலியாணப் படம் இதுகளுக்கு ஒருத்தரிட்டயும் கணக்கில்லை. தப்பினது இன்னும் வீடுகளில கிடக்கு, அதைத்தான் முதல் ஸ்கான் பண்ணச் சொல்லிக் கேக்கிறன்.

ஒரு காலத்தில எங்கட கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தக் கொம்பனியின்ர (டச்சுக் கிழக்கிந்தியக் கொம்பனி) பேப்பருகள் லட்சக்கணக்கான பக்கத்தை நெதர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகம் ஸ்கான் பண்ணி இன்ரநெற்றில சும்மா விட்டிருக்கு, மாங்குளத்தில இருந்துகொண்டு ஃபோனில பாக்கலாம். எங்கட பிள்ளையளோ 1895ல லூயிஸ் எண்ட வெள்ளைக்கார அதிகாரி வன்னியைப் பற்றி எழுதினதை ஆரோ எடுத்தெழுத, அதை இன்னொராள் எடுத்தெழுத, அதைப் பாத்துக் கொப்பி பண்ணுதுகள். காடு வெட்டிக் குடியேறின சனத்தின்ர கையில இருக்கிற எல்டிஓ பெர்மிட்டும், அதாவது காணி அபிவிருத்திச் சட்டத்தின்ர கீழ அரசாங்கம் குடுத்த காணிப் பத்திரமும், ஆதாரம்தானே? அதில தனக்குப் பிறகு காணி ஆருக்கு எண்டு பேர் எழுதிற இடம் இருக்கு. 1935ம் ஆண்டு வந்த அந்தக் காணிச் சட்டம் மகளை விட மகனைத்தான் முன்னுக்கு வைச்சது, அந்தச் சட்டத்துக்குள்ள எங்கட குடும்பங்கள் என்ன செய்தவை எண்டு அந்த ஒரு வரியில தெரியும், எந்தப் புத்தகத்திலயும் அது இல்லை.

தமிழ் ஆவணங்களை ஸ்கான் பண்ணி இன்ரநெற்றில சேக்கிற நூலகம் நிறுவனம் 2005ல இருந்து ஒரு லட்சத்துக்கு மேல ஆவணங்களை ஏத்தி எல்லாரும் பாக்க விட்டிருக்கு. அப்பிடி வேலை தெரிஞ்ச ஆக்களைப் பிரதேச சபை நூலகங்கள் கூப்பிடவேணும், ஒரு ஸ்கானரும் ரெண்டு பெடியளும் காணும், ஊர் ஊராப் போய் வீட்டிலயே வைச்சு எடுத்திட்டு ஒரிஜினலை அங்கயே குடுத்திட்டு வரவேணும். பேப்பரைக் கொண்டுபோறம் எண்டா ஒருத்தரும் தரமாட்டினம், தரவும் தேவையில்லை. வீட்டுக்காரர் வேண்டாம் எண்டதை வெளியில போடக்கூடாது, காணிப் பிரச்சினை இருக்கிற இடம், காணாமல் போன பிள்ளையின்ர படம் எண்டா கட்டாயம் கேக்கவேணும். சனத்துக்கும் ஒரு சொல்: பழுதாகாமல் இருக்கட்டும் எண்டு பழைய பெர்மிட்டை லமினேற் பண்ணாதேங்கோ, சூட்டில ஒட்டினதைப் பிறகு பிரிக்கேலாது.

படத்தோட பேரும் ஊரும் வருசமும் எழுதாட்டி ஸ்கான் பண்ணியும் தேடி எடுக்கேலாது. அதைச் சொல்லக்கூடிய கிழடுகட்டையள் இப்ப இருக்கினம், இந்த வருசமே தொடங்குங்கோ.

வாசகர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்