ரீடைக் கடிக்கச் சொன்னது நான்தான்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வகுப்பு வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். அந்தப் பையன் ஏ சுரத்திலிருந்து பி சுரத்துக்குப் போகும்போது கிளாரினெட் கிறீச்சிட்டதே, அந்த இடம். ஏ-க்கு ஒரு விரல் போதும். அடுத்த பி-க்குக் கிட்டத்தட்ட எல்லா விரலும் ஒரே நொடியில் உட்கார வேண்டும். நீ அவனைத் திட்டவில்லை. ஏ வாசிக்கும்போதே வலது கை விரல்களை மூடி வைத்துக்கொள்ளச் சொன்னாய். இரண்டாவது முறையே வந்துவிட்டது. எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. "நூறு தடவை வாசி" என்றார் என் ஆசிரியர். நானும் உனக்கு அதையேதான் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னேன். மேல் சுரம் வரவில்லையென்றால் ரீடை, அதாவது வாய்ப்பகுதியில் அதிர்ந்து ஒலி எழுப்பும் அந்த மெல்லிய பட்டையை, இன்னும் அழுத்திக் கடி என்று. உன் கீழ் உதட்டின் உட்புறத்தில் பல் பதிந்து, சாப்பிடும்போது நீ கண்ணீர் விட்டது எனக்கு மறக்கவில்லை. கடித்தால் ரீடின் அதிர்வு அடங்கிப்போகும், ஒலி மெலியும். காற்றும் நாக்கின் நிலையும் செய்ய வேண்டிய வேலையை உன் பல்லிடம் கொடுத்துவிட்டேன். மன்னித்துவிடு, கண்ணு.

அப்பா முறையை விட்டுவிடலாமா என்று தயங்கிக் கேட்டிருந்தாய். தாராளமாக விடு. முறைகள் மாறுவது புதிதில்லை. 1802-இல் லெஃபெவர் பாரிஸ் கன்சர்வட்டுவார் என்ற இசைப் பள்ளிக்காக எழுதிய கிளாரினெட் பாடநூலின்படி ரீடை மேல் உதட்டில் படும்படி வைத்துத்தான் வாசிக்க வேண்டும். 1830-களில் அதே பள்ளியில் ரீட் கீழே வந்துவிட்டது. தலைகீழாகத் திருப்பியதுதான், ஆனால் அதுவரை கற்றவர்களின் உதடும் நாக்கும் புதிதாகப் பழக வேண்டியிருந்திருக்கும். 1812-இல் இவான் முல்லர் என்ற கிளாரினெட் கலைஞர், துளைகளை மூடித் திறக்கும் 13 சாவிகள் வைத்த கிளாரினெட்டைக் கொண்டுபோனபோது அதே பள்ளியின் குழு நிராகரித்தது. எல்லா ஸ்கேலுக்கும் ஒரே கருவி வந்தால் ஒவ்வொரு அளவுக் கிளாரினெட்டுக்கும் உள்ள தனி நிறம் போய்விடுமாம். அந்தக் கவலையை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் ஆர்கெஸ்ட்ராவில் பி ஃபிளாட் கிளாரினெட், ஏ கிளாரினெட் இரண்டையும் வைத்துக்கொண்டுதானே உட்காருகிறோம்! ஆனாலும் சாவிகள் வந்தே தீர்ந்தன. கிளாரினெட் ஆசிரியர் குளோசேயும் கருவி செய்பவரான பஃபேயும் சேர்ந்து, விரல் துளைகளைச் சுற்றி வளையங்களோடு உருவாக்கிய கருவி 1839-இல் வெளியே வந்தது. நம் இருவர் கையிலும் இருப்பது அதன் வாரிசுதான்.

குளோசேயின் பயிற்சிகளை மட்டும் விட்டுவிடாதே. என் பழைய புத்தகத்தை அனுப்புகிறேன். ஓரத்தில் பென்சிலால் "கடி" என்று எழுதியிருக்கும் இடங்களையெல்லாம் அழித்துவிட்டேன். ஒன்றிரண்டு விட்டுப்போயிருந்தால் நீ அழித்துவிடு.

அப்புறம், பிளாஸ்டிக் ரீட் நன்றாக இருக்கிறது என்றாயே, ஒன்று வைத்து அனுப்பு. வாயில் ஊற வைக்காமலே வாசிப்பது எப்படி இருக்கும் என்று பார்க்கிறேன்.

உதட்டின் உள்ளே அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறதா? மறைக்காமல் எழுது.

அன்புடன்,
அப்பா