ரோஸ்கோ ஆர்பக்கிளைக் கொலைகாரர் ஆக்கிய இதழின் ஆசிரியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வார இதழின் சினிமாச் சிறப்பிதழில், ஹாலிவுட் மௌனப்பட நகைச்சுவை நடிகர் ரோஸ்கோ ஆர்பக்கிளின் புகைப்படத்தின் கீழ் ‘கொலைகாரக் கோமாளி’ என்று அச்சிட்டிருந்தீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, குழந்தைகளுக்காக நாங்கள் நடத்தும் மௌனப்படத் திரையிடலில், அவர் 1917-இல் இயக்கி நடித்த ‘தி புச்சர் பாய்’ ஓடிக்கொண்டிருந்தது. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் முதன்முதலாகத் திரையில் தோன்றிய படம் அது. அவரை அழைத்து வந்தவரே ஆர்பக்கிள்தான். மாவு மூட்டைகள் பறக்கும் காட்சியில் ஒரு சிறுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்க, அவள் தந்தை எழுந்து வந்து தங்கள் இதழை என்னிடம் நீட்டி, “கொலைகாரன் படத்தையா பிள்ளைகளுக்குக் காட்டுகிறீர்கள்?” என்று கேட்டுவிட்டு, அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அச்சில் இருந்ததை நம்பினார், அவ்வளவுதான்.

வழக்கின் கதை தாங்கள் அறியாததன்று. 1921-இல் சான் பிரான்சிஸ்கோவில் இளம் நடிகை வர்ஜீனியா ராப்பே இறந்தது பெருந்துயரம். அச்சாவுக்கு ஆர்பக்கிளே காரணம் என்று அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. ஆனால், இரு விசாரணைகளில் ஒருமித்த முடிவு எட்டப்படாமல் போனபின், மூன்றாவது விசாரணையின் நடுவர் குழு 1922 ஏப்ரல் 12 அன்று சில நிமிடங்களிலேயே அவரை விடுவித்ததோடு, விடுதலை மட்டும் போதாது, அவருக்குப் பெரும் அநீதி இழைக்கப்பட்டிருக்கிறது என்று எழுதியும் கொடுத்தது. ஆறே நாளில், அமெரிக்கத் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கத்தின் தலைவர் வில் ஹேஸ் ஆர்பக்கிளின் படங்களுக்குத் தடை விதித்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே தடை நீங்கியும் முகத்தைத் திரையில் காட்ட வழியின்றி, வில்லியம் குட்ரிச் என்ற பெயருக்குள் ஒளிந்துகொண்டு பிறர் நடிக்கும் படங்களை இயக்கினார். 1932-இல்தான் மீண்டும் குறும்படங்களில் நடிக்க முடிந்தது. மறு ஆண்டு ஜூனில், முழுநீளப் படத்துக்கு ஒப்பந்தமான அன்றிரவே, 46 வயதில், உறக்கத்தில் இறந்துபோனார்.

அன்று அவரைக் குற்றவாளியாகவே சித்திரித்த, அமெரிக்கப் பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட்டின் நாளேடுகளுக்காவது தீர்ப்பு வருமுன் எழுதினோம் என்ற சாக்கு உண்டு. தீர்ப்பு தங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர நூறாண்டும் போதவில்லை போலும். இதைச் சுட்டி நான் எழுதிய இரு கடிதங்களுக்கும் கிடைத்தது, ‘படக்குறிப்புகளுக்குத் திருத்தம் வெளியிடும் வழக்கம் இல்லை’ என்ற ஒருவரிப் பதில். அவதூறு எழுதும் வழக்கம் மட்டும் இருக்கிறதா?

கடுமை கூடியிருந்தால் பொறுத்தருள்க. ஆர்பக்கிள் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளிக்கப்பட்டதை, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிடுமாறு பணிவுடன் மீண்டும் வேண்டுகிறேன். எங்கள் அடுத்த திரையிடலுக்கு முன் அவ்விதழ் வந்தால், அரங்க வாசலில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்