வண்டி நிறுத்தும் இடத்தில் தொட்டி ஏன்? – வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் மசாலாக் கடை வாசலில் வண்டி நிறுத்தும் இடங்களில் இரண்டை ஜோஜோ எனப்படும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகள் அடைத்துக்கொண்டிருப்பதாகப் பலர் குறைப்படுகிறீர்கள். புரட்டாசியிலும் காவடி நாட்களிலும் நெரிசல் தாங்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் தொட்டிகளை எடுப்பதாக இல்லை.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் கொட்டிய மழை நினைவிருக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தமிழ்ப் புத்தாண்டுக்கு அப்போது இரண்டே நாள். டர்பனுக்கு வடக்கே உள்ள நம் டொங்காட் ஊரின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்ததால், வெள்ளம் வடிந்த பிறகும் நம் பாடு தீரவில்லை. மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்தது.

தண்ணீர் லாரி எப்போது வரும், எந்தத் தெருவில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் ஆயாக்கள்கூட வாளியோடு ஓடினார்கள். ஆழ்துளைக் கிணறு வைத்திருந்தவர்கள் வேலிக்கு வெளியே குழாயை நீட்டிவிட்டார்கள். வரிசையில் தமிழர், ஸூலு என்று யாரும் பார்க்கவில்லை. மிளகாய் அரைக்கும் இயந்திரத்தைக் கழுவ வழியில்லாமல் நாங்கள் அரைவையை நிறுத்தினோம். கையில் இருந்தவை காலி ஊறுகாய் வாளிகள்தான். அவற்றைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். எவ்வளவு தேய்த்தாலும் வாசம் போகாத வாளிகள் அவை. அந்தத் தண்ணீரில் தேநீர் போட்டுக் குடித்துவிட்டும் எங்களிடம் சண்டைக்கு வராதவர்கள் நீங்கள்!

1917 அக்டோபரில் டர்பனில் உம்கேனி ஆறு பெருகியபோது, ‘படவட்டான் அறுவர்’ எனப்படும் மீனவர்கள் 176 பேரைப் படகில் மீட்டார்கள். மீன் பிடிக்க வைத்திருந்த படகு அது. வெள்ளம் வந்த பிறகு படகு செய்ய உட்கார்ந்திருந்தால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். ஆகவேதான் குழாயில் தண்ணீர் வரும் நாளிலும் தொட்டி நிற்கிறது.

தொட்டி ஒவ்வொன்றும் 5,000 லிட்டர் கொள்ளும். கூரையில் விழும் மழைநீர்தான் அதில் சேருகிறது. கழுவவும் துவைக்கவும் மட்டும் எடுங்கள், குடிக்க வேண்டாம். தெருப்பக்கக் குழாய்க்குப் பூட்டு கிடையாது. கடை மூடியிருந்தாலும் பிடித்துக்கொள்ளலாம். வாங்காதவர்களும் பிடிக்கலாம்.

வண்டிகளைக் கடைக்குப் பின்னால் நிறுத்துங்கள். அங்கிருந்து நடக்க முடியாத பெரியவர்கள் வாசலில் வண்டியை நிறுத்தி ஒருமுறை ஹார்ன் அடித்தால் போதும். மசாலாவைப் பையன் வண்டிக்கே கொண்டுவருவான்.

அன்புடன்,
மசாலாக் கடையினர், டொங்காட்