முகவுரையில் மூச்சு வாங்கும் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நவம்பர் 26 வந்தால் பள்ளிகளில் அரசமைப்புச் சட்ட முகவுரையை வாசிக்கிறார்கள். முப்பது வருடம் சமூக அறிவியல் எடுத்த நானும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வாசிக்க வைத்திருக்கிறேன். நீதி, சுதந்திரம், சமத்துவம் வரை குரல் கணீரென்று இருக்கும். சகோதரத்துவம் வருவதற்குள் மூச்சு வாங்கி, கால் மாற்றி நிற்பார்கள். தேர்விலும் 1976-இல் 42-ஆவது திருத்தம் சேர்த்த சொற்களைத்தான் கேட்போம்.

1946 டிசம்பர் 13-இல் நேரு முன்மொழிந்த, முகவுரைக்கு அடிப்படையான குறிக்கோள் தீர்மானத்தில் சகோதரத்துவம் கிடையாது. அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுதான் அதைச் சேர்த்தது. 1948 பிப்ரவரி 21-இல் வரைவை ஒப்படைத்தபோது, சகோதர நல்லிணக்கம் இப்போதுபோல் எப்போதும் தேவைப்பட்டதில்லை என்று காரணமும் எழுதினார்கள். காந்தியடிகள் சுடப்பட்டு அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இதை நானே வெகுகாலம் வகுப்பில் சொன்னதில்லை.

எட்டாவது வரை ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட இரண்டு பையன்கள், கோடை விடுமுறை முடிந்து ஒன்பதாவதுக்கு வந்தபோது கையில் ஆளுக்கொரு நிறக் கயிறு. ஒருவன் முதல் பெஞ்சு, மற்றவன் கடைசி பெஞ்சு. கேட்டால், "கோயில் கயிறு டீச்சர்" என்றார்கள். சண்டையில்லை, பேச்சுதான் நின்றுபோனது. தீண்டாமை என்றால் 17-ஆவது பிரிவு இருக்கிறது, வழக்குப் போடலாம். பேச்சை நிறுத்திக்கொண்ட சிநேகிதனை எந்தப் பிரிவைக் காட்டித் திரும்ப அழைப்பது? அன்று பாடத்தை முடித்துவிட்டு, மணி அடித்ததும் வெளியே வந்துவிட்டேன். இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

சகோதரத்துவம் இல்லாவிட்டால் சமத்துவமும் சுதந்திரமும் மேலே அடித்த பெயின்ட் அளவுக்குத்தான் என்று 1949 நவம்பர் 25-இல் அரசமைப்பு அவையில் அம்பேத்கர் சொன்னார். அந்தப் பையன்களிடம் இதையாவது சொல்லியிருக்கலாம்.

பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த, சாதிக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்ன நீதிபதி சந்துரு குழுவின் 2024 அறிக்கையை முழு மனதோடு வரவேற்கிறேன். கயிறு போன பிறகும் அந்த இரண்டு பெஞ்சுக்கும் இடையே இருக்கும் தூரம் அப்படியே கிடக்கும். அதனால் வருகிற நவம்பர் 26-இல் சகோதரத்துவம் என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் ஒரு பீரியட் ஒதுக்கும்படி பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பு வினாத்தாளிலும் அதற்கு ஐந்து மதிப்பெண் வேண்டும். கேள்வி வந்தால்தான் பாடம் நடத்துவோம் என்பது, வாத்தியார் வேலை பார்த்த எனக்கு நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
அம்பாசமுத்திரம்.