கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கிளிநொச்சியில் வெல்டிங் கடை திறந்து நாலு மாதமாகிறது. வேலை வருகிறது என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். போன கிழமை வட்ஸப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தீர்: "அண்ணை, பயர் பிட்டுக்குக் கிலோவுக்கு எவ்வளவு போடலாம்?" அன்றே ஒரு வரியில் பதில் போட்டிருப்பேன். அப்படிப் போட்டால் நான் விழுந்த கிடங்கிலேயே நீரும் விழுவீர். அதனால் இரவிரவாக எழுதத் தொடங்கினேன், நீண்டுவிட்டது. இதே கேள்வியை வேறு இரண்டு மூன்று பேரும் கேட்டார்கள், ஆகவே எல்லோரும் வாசிக்கும்படி போடுகிறேன். உம்முடைய பெயரைப் போடவில்லை. உமது காய்ச்சல் கதையும் இதில் வருகிறது.

பயர் பிட் என்றால் வெளியில் வைத்து நெருப்பு மூட்டிச் சுற்றியிருக்கிற இரும்புச் சட்டி. இந்தச் சாமானுக்கு நல்ல தமிழ்ப்பெயர் வைக்க நான் பட்டபாடு உமக்குத் தெரியும். "தீச்சட்டி" என்று பலகையில் எழுதப் போனேன். அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைத்த சனம்தான் வாசலில் நிற்கும் என்று அக்கா சிரித்தாள். தீக்குழி என்றால் தீமிதிப்பு. "கணப்புச் சட்டி" என்று எழுதினேன், அது சரியான சொல்தான், ஆனால் ஒருவருக்கும் விளங்கவில்லை. கடைசியில் பலகையைக் கழற்றிவிட்டு ஒரு சட்டியையே வாசலில் வைத்தேன். காங்கேசன்துறை வீதியால் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "இது என்ன, ஆட்டுக்குத் தண்ணி வைக்கிறதோ?" என்று கேட்டார்கள். கேட்டவர்களில் பத்துக்கு ஒருவர் வாங்கினார். பலகையைவிட அது திறம்.

தொடங்கியது எப்படி என்று உமக்கு முழுதாகத் தெரியாது, அப்போது நீர் என்னிடம் வேலைக்கு வரவில்லை. 2022. காஸ் சிலிண்டருக்கு விடிய விடிய வரிசை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. டொலர் ஏற, இரும்பு விலையும் ஏறியது. கேற்றுக்கும் யன்னல் கிரில்லுக்கும் வந்துகொண்டிருந்த ஆட்கள் நின்றுபோனார்கள். கரண்ட் வந்தால் வெல்டிங், போனால் அரத்தால் தேய்ப்பு என்று இருந்தேன். அந்த நேரம் சனம் தேடியது விறகடுப்பு. பழைய லொறி றிம்மிலும் வெட்டுத் தகட்டிலும் அடுப்புச் செய்து கொடுத்தேன். காஸ் திரும்பி வந்தது, அடுப்பு வியாபாரம் அந்தக் கிழமையே படுத்துவிட்டது. மிஞ்சிக் கிடந்த ஒன்றைக் காரைநகரில் விருந்தினர் விடுதி வைத்திருக்கிற ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். கசூரினாப் பக்கம் பின்னேரம் கடற்காற்று அடிக்கும்போது அதில் சிரட்டையைப் போட்டு மூட்டியிருக்கிறார். வந்தவர்கள் சாப்பாட்டு மேசையை விட்டுவிட்டு அதைச் சுற்றிக் குந்திவிட்டார்களாம். அடுத்த மாதம், "இன்னும் நாலு, ஆனால் கொஞ்சம் வடிவாக" என்று வந்து நின்றார்.

அந்த "வடிவாக" என்ற சொல்தான் செலவு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வரைபடம், அதை ஒளிக்க ஒன்றுமில்லை. எங்களிடம் தகட்டைக் கிண்ணமாக அமுக்குகிற பிரஸ் இல்லை. ஆகவே வட்டத்தை மறந்துவிடும். அறுகோணம். ஆறு சரிவுத் துண்டு, அடியில் ஒரு அறுகோணத் தகடு. சரிவுத் துண்டின் மேல்விளிம்பு 14 அங்குலம், கீழ்விளிம்பு 8, சரிவுயரம் 10. ஒட்டி முடித்தால் ஆழம் எட்டரை அங்குலம் வரும், வாய் மூலைக்கு மூலை 28. எட்டடிக்கு நாலடித் தகட்டை நீளவாட்டில் 10 அங்குலப் பட்டையாக மூன்று வெட்டும். ஒவ்வொரு பட்டையிலும் துண்டுகளை ஒன்று நேராக, அடுத்தது தலைகீழாகக் கீறினால் எட்டுத் துண்டு வரும், ஓரத்தில்தான் கொஞ்சம் கழிவு. மூன்று பட்டையில் 24 துண்டு, அதாவது நாலு சட்டிக்குச் சரி. மிச்சம் 18 அங்குலப் பட்டை. அதில் நாலு அடித்தகடும் வரும், கால்களுக்கும் தகடு மிஞ்சும். இந்த அடுக்கைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று தகடு வீணானது. உமக்கு வீணாக வேண்டாம்.

ஒட்டும்போது ஒரே பக்கத்தை ஓட்டமாக இழுக்காதேயும். ஆறு மூலையையும் முதலில் தொட்டுத் தொட்டுப் பிடித்து நிறுத்தும். பிறகு ஒரு மூலை, அதற்கு எதிர்மூலை என்று மாறிமாறிப் போகவேண்டும். இல்லாவிட்டால் சட்டி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். வாயைச் சுற்றித் தடித்த பட்டை இரும்பு வளையம் வைத்து இறுக்கி ஒட்டினால் பார்க்க வடிவு. நானும் செய்தேன். மூன்றாம் நாள் இரவு அது வெடித்த சத்தத்தில் விடுதியில் இருந்தவர்கள் கதிரையை விட்டு எழும்பி ஓடினார்கள். ஒரு மீற்றர் இரும்பு 500 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட ஆறு மில்லிமீற்றர் நீளும். உள்தகடு நீளப் பார்க்கிறது, வெளியில் குளிர்ந்திருக்கிற வளையம் விடமாட்டேன் என்கிறது. இடையில் அகப்பட்டது என்னுடைய ஒட்டு. ஆகவே மேலே வைக்கிற எதுவும் கழன்று நிற்கட்டும்.

அடியில் ஓட்டை. இதை மறந்தால் மற்றதெல்லாம் வீண். எங்களுக்கு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டுகிறது. ஓட்டையில்லாத சட்டியில் தண்ணீர் நிற்கும், சாம்பல் அதை உறிஞ்சிவைத்துக்கொண்டு காயவிடாது, தை மாதம் பார்த்தால் அடித்தகடு கறல் பிடித்து விரலால் தட்ட உதிரும். ஊர்காவற்றுறையில் ஒருவருக்கு அப்படிக் கொடுத்துவிட்டேன், காசைத் திருப்பிக் கேட்காமல் சட்டியை மட்டும் ஓட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தார். அது இன்னும் என் மேசைக்குக் கீழே கிடக்கிறது. நடுவில் அரை அங்குலத்தில் ஒன்று போதும்.

கறல் பிடிக்காது என்று சொல்லி மட்டும் விற்காதேயும். கடற்காற்றில் இரும்பு கறல் பிடிக்கும், அது இரும்பின் குணம். சாதாரண எனாமல் பெயின்ற் முதல் நெருப்பிலேயே எரிந்து நாறும். சூடு தாங்கும் பெயின்ற் 600 பாகை வரையும் நிற்கும் என்பார்கள், வெளிப்பக்கத்துக்கு அது சரி, உள்ளுக்கு ஒன்றும் வேண்டாம். நான் கடையில் ஒருமுறை மூட்டிக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன். வாங்குகிறவர் முதல் நாளே கறுப்பைப் பார்த்துவிட்டால் பிறகு போன் எடுக்கமாட்டார். அப்புறம், சட்டிக்குக் கீழே முருகைக் கல்லை அடுக்கவேண்டாம் என்று ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லும். ஈரம் ஊறிய கல் சூட்டில் தெறிக்கும், பக்கத்தில் பிள்ளைகள் இருப்பார்கள்.

இனி அந்தக் காய்ச்சல். கால் வைக்க வெள்ளைப் பைப் கிடக்கிறதே, மலிவு, கறலும் பிடிக்காது என்று நான்தான் எடுத்துத் தந்தேன். நாகம், அதாவது துத்தநாகம் பூசிய பைப். பின்னேரம் முழுக்க நீர் கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டினீர், வெள்ளைப் புகை பஞ்சுபோல் பறந்தது. இரவு பத்து மணிக்கு உம்முடைய அம்மா போன் எடுத்து, பிள்ளை நடுங்குது, டெங்கோ தெரியாது என்று அழுதார். அது டெங்கு இல்லை. நாகம் 907 பாகையில் கொதித்து ஆவியாகும், வெல்டிங் சூடு அதைவிடப் பலமடங்கு. அந்தப் புகையை இழுத்தால் சில மணித்தியாலத்தில் குளிர்காய்ச்சல் வரும், ஒன்றிரண்டு நாளில் விட்டுவிடும். பால் குடித்தால் சரி என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், பால் வயிற்றுக்குத்தான் போகும், புகை போனது நெஞ்சுக்கு. அது உம்முடைய பிழை இல்லை, என்னுடையது. அன்றைக்குச் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன். உம்மிடம் வேலை பழக வருகிற பொடியனுக்கு அந்தப் பைப்பைக் கொடுக்காதேயும்.

சரி, விலை.

கேற்றுக்குச் சதுர அடிக் கணக்கு இருக்கிறது. அது ஊர் முழுக்கக் கேற் செய்து செய்து வந்த கணக்கு, கூலி அதற்குள் ஊறிக் கிடக்கிறது. சட்டிக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை, ஆகவே நானும் உம்மைப்போல் கிலோவைப் பிடித்தேன். முதல் பன்னிரண்டு சட்டி விற்ற பிறகு கொப்பியை எடுத்துப் பார்த்தேன். தகட்டுக்காரருக்குக் கொடுத்தாயிற்று, கரண்ட் பில் கட்டியாயிற்று, உமக்குச் சம்பளம் கொடுத்தாயிற்று. எனக்கு மிஞ்சியது மூலையில் கிடந்த வெட்டுத்துண்டு. அன்றிரவு அக்காவிடம் சொல்லவில்லை. கொப்பியைப் பார்த்து அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

பிழை எங்கே என்று பாரும். மேலே சொன்ன சட்டி 3 மில்லிமீற்றர் தகட்டில் பன்னிரண்டரைக் கிலோ. 6 மில்லிமீற்றரில் இருபத்தைந்து. இரும்பு இரட்டிப்பு. வேலை இரட்டிப்பா? இல்லை. கீறுவது அதே கீறல், ஆறு மூலையும் அதே ஆறு மூலை. நான் மணிக்கூட்டை வைத்துக் குறித்தேன்: கீறி வெட்ட இரண்டு மணித்தியாலம், பிடித்து ஒட்ட இரண்டு, கிரைண்டரால் தேய்க்க இரண்டு, பெயின்ற்றும் மூட்டிக் காட்டுவதும் ஒன்று, வந்தவரோடு கதைக்கிறது ஒன்று. கதைக்கிறதையும் எழுதும், அதுவும் உம்முடைய சீவியம்தான். எட்டு மணித்தியாலம். தடித்த தகட்டுக்கு ஒன்றரை மணித்தியாலம் கூடும், அவ்வளவுதான். இப்போது இரண்டையும் ஒரே கிலோ விலைக்கு விற்றால் மெல்லிய சட்டியில் நட்டம், தடித்த சட்டிக்கு வாய்கூசும் விலை. வாங்க வருகிறவர் என்ன செய்வார்? தடித்ததைத் தட்டிப் பார்த்துவிட்டு மெல்லியதை வாங்குவார். நட்டம் வருகிற சாமான் மட்டும் விலைபோகும், நீர் "வியாபாரம் நல்லாப் போகுது" என்று நினைத்துக்கொண்டு இருப்பீர். நான் ஒரு வருசம் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த இரண்டு மணித்தியாலத் தேய்ப்புத்தான் "வடிவாக". ஒட்டுத் தெரியாமல் தேய்த்துத் தாரும் என்று கேட்டால் அதற்கு வேறு விலை என்று முதலிலேயே சொல்லிவிடும். ஒட்டுத் தெரிந்தால் என்ன குறை? நன்றாக ஒட்டிய தையல் மீன்செதில்போல் வரிவரியாக இருக்கும், எனக்கு அதுதான் வடிவு.

ரூபாக் கணக்கை இங்கே எழுதவில்லை. கொழும்பிலிருந்து லொறி வந்து இறங்குமுன் தகட்டு விலை மாறிவிடுகிறது. உம்முடைய ஒரு நாள் கூலி எவ்வளவு என்று நீரே தீர்மானியும். பிறகு தகடு, வெல்டிங் கம்பி, கிரைண்டர் தட்டு, கரண்ட். அதற்கு மேல் கடைக்கு ஒரு பங்கு. இந்த வரிசையில் கூட்டும். கூலியைக் கடைசியில் போட்டால் அது எப்போதும் மிஞ்சாது.

கடன் விசயம் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஆறு சட்டி எடுத்தார், இரண்டுக்குக் காசு தந்தார், மற்றதற்கு "நல்லூர்த் திருவிழா முடியட்டும்" என்றார். இருபத்தைந்து நாள் திருவிழா முடிந்து இரண்டு வருசமாகிறது. பாதி முற்பணம் கைக்கு வராமல் தகட்டில் கோடு கீறாதேயும், சொந்தக்காரராக இருந்தாலும்.

கனடாவுக்கு அனுப்பலாமே என்று உமக்கும் யாராவது சொல்வார்கள். கொல்லத் தெருவில் ஊசி விற்கிற கதை அது. அதோடு ரொறன்ரோ நகருக்குள் வீட்டுப் பின்வளவில் திறந்த நெருப்பு மூட்ட விடமாட்டார்கள். அங்கே மூட்ட முடியாதவர்கள்தான் ஆவணியில் இங்கே வந்து மூட்டுகிறார்கள். அவர்களுக்கு நெருப்பு மட்டும் போதாது என்று எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. சட்டிக்கு மேல் கழற்றி வைக்கிற முக்காலி ஒன்று செய்தேன், பெரிய பானை நிற்கும் அளவுக்கு. ஒரு குடும்பம் அதில் ஒடியல் கூழ் காய்ச்சியது. நண்டும் இறாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் கொதிக்க, கிழவி ஒருத்தி பக்கத்தில் இருந்து கூழ் குடிக்க ஓலையில் பிளா கோலிக்கொண்டிருந்தார். அங்கே பிறந்த பேரன் ஒருவன் கரண்டியால் கிண்டிக்கொண்டே, எரிகிறது என்ன என்று கேட்டான். ஊமல் என்றேன். உள்ளே இருக்கிற, தின்கிற பூரானை எடுத்த பிறகு எறிகிற பனங்கொட்டைக்கோது இவ்வளவு நேரம் எரியுமா என்று அவனுக்கு நம்ப முடியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சட்டியோடும் ஒரு சாக்கு ஊமலும் விற்கிறேன். ஊமலில் கிரைண்டர் வேலை இல்லை.

பரந்தன், பூநகரிப் பக்கம் பனை நிறைய, உமக்கு ஊமல் என்னைவிட மலிவாக வரும்.

சரிவுத் துண்டுக்கு ஹார்ட்போர்ட்டில் வெட்டிய அச்சு என்னிடம் இரண்டு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒன்றைக் கொண்டுபோகலாம். வரும்போது அந்தக் காந்த மூலைமட்டத்தையும் கொண்டுவாரும். சிவப்பு நிறம், ஒரு மூலை உடைந்தது. நாலு மாதமாகத் தேடுகிறேன். உம்முடைய பெட்டிக்குள் இருக்கிறது என்று அக்கா சத்தியம் பண்ணுகிறாள்.

அன்புடன்,
அண்ணை
சுன்னாகம்